அத்தியாயம் 7: தாயின் நேரத்தைக் காக்கும் தோழமை

குறைமாதத்தில் குழந்தை பிறந்துவிட்டது என்ற செய்தி தெருவுக்கு வந்ததும், தூத்துக்குடிக் கடற்கரையின் கிறிஸ்தவக் குடும்பங்கள் முதலில் ஜெபத்துக்குத்தான் போகின்றன. பனிமய மாதா பேராலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அண்டை வீட்டுக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் அந்தக் குழந்தைக்காக ஜெபமாலை சொல்கிறார்கள். சி.எஸ்.ஐ. சபைகளில் ஞாயிறு ஆராதனையில் பெற்றோரின் பெயரைச் சொல்லி மன்றாடுகிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் உபவாச ஜெபம் வைக்கிறார்கள். நல்ல தொடக்கம்தான். ஆனால் ஆமென் சொல்லி எழுந்த பிறகு என்ன செய்வது என்று பலரும் திகைத்து நிற்கிறார்கள். மருத்துவமனைக்குப் போனால் குழந்தையைப் பார்க்க விடுவதில்லை; தாயிடம் என்ன பேசுவதென்று தெரிவதில்லை; போகாமல் இருக்கவும் மனசு கேட்பதில்லை. இந்தத் திகைப்புக்கு இந்த அத்தியாயம் ஒரு வழி சொல்கிறது. குறைமாதக் குழந்தைக்கு மருந்துக்கு நிகராக வேண்டியவை தாயின் உடற்சூடும் தாய்ப்பாலும். அவை இரண்டும் கிடைக்கத் தாய்க்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை அவளுக்கு மீட்டுக் கொடுப்பதுதான், இந்த நாட்களில் நண்பர்களின் விசுவாசம் செய்ய வேண்டிய முதல் வேலை.

மருத்துவம் என்ன சொல்கிறது

37 வாரம் நிறையும் முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020-இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 1.34 கோடிக் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. ஆகவே இது ஏதோ ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த விபரீதம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பங்கிலும் ஒவ்வொரு சேகரத்திலும் ஆண்டுதோறும் நடப்பது. இந்தக் குழந்தைகளின் தோலுக்கு அடியில் கொழுப்பு குறைவு; உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும். சுமார் 34 வாரம் வரை உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் இசைவாகச் செய்ய வராது. அதனால் குழாய் வழியாகப் பால் போகிறது. நோய் எதிர்ப்பு சக்தியும் குறைவு.

1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்தி, தொற்றில் பல குழந்தைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த ஒரு மகப்பேறு மருத்துவமனையில், எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி வைத்துக் கட்டச் சொன்னார். கங்காரு பராமரிப்பு என்று இன்று நம் அரசு மருத்துவமனைச் சுவர்களில் எழுதியிருப்பது அங்கே பிறந்ததுதான். இன்குபேட்டர் இல்லாத ஏழைகளுக்கான மாற்று என்றுதான் நெடுநாள் அதை நினைத்திருந்தார்கள். 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகளைக் கவனித்தார்கள். ஒரு பிரிவில், உடல்நிலை சீராகட்டும் என்று காத்திராமல், பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைத்தார்கள். இன்னொரு பிரிவில் வழக்கம்போலக் குழந்தை தேறிய பிறகு வைத்தார்கள். முதல் 28 நாட்களில் இறந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 12; இரண்டாம் பிரிவில் 15.7. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம், நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இப்படி வைத்திருக்கலாம் என்று பரிந்துரைத்தது.

அந்த ஆய்வில் நண்பர்கள் கவனிக்க வேண்டிய எண் வேறொன்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தை தோலோடு தோலாக இருந்த நேரம், முதல் பிரிவில் நாளுக்கு ஏறத்தாழ 17 மணி. மற்றதில் ஒன்றரை மணி. 17 மணி நேரம் ஒரு தாய் நாற்காலியிலோ கட்டிலிலோ சாய்ந்து குழந்தையை மார்பில் சுமந்திருக்க வேண்டுமென்றால், அவள் வீட்டில் உலை வைப்பது யார்? மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது யார்? இதற்கு மேல் பால் எடுக்கும் வேலை இருக்கிறது. பால் வற்றாமல் இருக்க இரவு உட்பட நாளுக்கு எட்டுத் தடவையாவது பீய்ச்ச வேண்டும். மூன்று மணிக்கு ஒரு தரம். நடுராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து, கை கழுவி, கொதிக்க வைத்த கிண்ணத்தில் எடுத்து, நேரம் எழுதி நர்ஸிடம் கொடுக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகல் நோய் வரும் ஆபத்து குறைவு என்பது உறுதியாகத் தெரிந்த செய்தி. அந்தக் கிண்ணத்தில் சேரும் சில மில்லி லிட்டர் பாலுக்கு ஈடாக எந்தக் கடையிலும் எதுவும் கிடைக்காது.

உப்பளத்தில் தினக்கூலிக்குப் போகும் வீட்டில் ஒருநாள் வேலை நின்றால் அன்றைய அடுப்பு நிற்கிறது. மணப்பாட்டிலிருந்தோ வேம்பாரிலிருந்தோ தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பஸ்ஸில் வந்து போனால் பொழுதில் பாதி போய்விடும். தருவைக்குளம் விசைப்படகில் போன தகப்பன் கரை திரும்பப் பல நாள் ஆகும். கப்பலில் வேலை பார்ப்பவர் வர மாதக்கணக்கு. பெற்றவள் தனியாக இருக்கும் இந்த இடைவெளியில்தான் நண்பர்களுக்கு வேலை இருக்கிறது. ஒரு வேளைச் சோறு கொண்டுபோகிறவர் அவளுக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கிறார். அந்த இரண்டு மணி நேரமும் குழந்தையின் உடற்சூட்டிலும் எடையிலும் போய்ச் சேர்கிறது.

விசுவாசம் என்ன சொல்கிறது

மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தில் வழி கிடைக்காமல் கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவனை இறக்குகிறார்கள். அந்த நால்வரின் விசுவாசத்தைக் கண்டு இயேசு அவனிடம் பேசினார் என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவன் என்ன நம்பினான் என்று அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. சுமந்தவர்களும் வாய் திறந்து வேண்டியதாக எழுதவில்லை. ஆனாலும் தோளும் கையும் செய்த வேலையை நற்செய்தி விசுவாசம் என்றே எழுதுகிறது. தன்னால் நம்பவும் முடியாமல், ஜெபிக்கவும் வார்த்தை வராமல், இன்குபேட்டர் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் தாய்க்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேதத்தில் கிடைப்பது கடினம். அவளுக்காக நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சுமப்பது கணக்கில் சேர்கிறது.

இந்தக் கடற்கரையின் கிறிஸ்தவ வரலாற்றுத் தொடக்கத்திலேயே ஒரு பிரசவம் இருக்கிறது. பிரான்சிஸ் சவேரியார் 1542 அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து தம் சபைத் தலைவர் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில், வழியில் ஓர் ஊரில் மூன்று நாளாகப் பிள்ளைபெற முடியாமல் உயிருக்குப் போராடிய பெண்ணின் வீட்டுக்குள் போனதைச் சொல்கிறார். அவளுக்கு நல்லபடி பிரசவம் ஆனது. வீட்டார் எல்லாரும் திருமுழுக்குப் பெற்றார்கள். அந்த ஊர் காயல்பட்டினத்தை அடுத்த கொம்புத்துறை என்பது வழிவழியாக வரும் செய்தி. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இன்னொன்று இருக்கிறது. நோயாளிகள் வீட்டிலிருந்து அழைப்புகள் குவிந்து, தன்னால் எல்லா இடத்துக்கும் போக முடியாமல் ஆனபோது, ஜெபங்களைக் கற்ற சிறுவர்களை அவர் வீடு வீடாக அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அண்டை அயலாரையும் கூட்டி, நோயாளியின் அருகில் எல்லாருமாக விசுவாச அறிக்கை சொன்னார்கள். சில ஆண்டுகளில் அவருக்குப் பின் வந்த அண்ட்ரிக் அடிகளார் புன்னைக்காயலில் ஊர்க் கிறிஸ்தவர்களின் ஆதரவோடு ஒரு மருத்துவமனையை நடத்தினார். 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூலை அச்சிட்ட அதே அடிகளார்தான். ஜெபமும், நோயாளியின் வீட்டுக்கு நடந்து போகிற காலும், மருத்துவத்துக்கு எடுத்து வைக்கிற காசும் இந்தக் கரையில் ஒன்றாகவே வந்தவை.

எழும் மறுப்புகள்

ஜெபம் ஒன்றே போதும், மற்றது மனித முயற்சி என்று சிலர் சொல்வார்கள். ஜெபத்தின் மேல் உள்ள மரியாதையால் வரும் பேச்சு இது. மரியாதையோடே பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. முன்பின் அறியாதவர்கள் செய்த மன்றாட்டினால் உடல்நிலையில் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. தங்களுக்காக உறுதியாக ஜெபிக்கிறார்கள் என்று அறிந்திருந்தவர்களுக்குச் சிக்கல்கள் சற்று அதிகமாகவே இருந்தன. ஜெபம் வீண் என்பதற்கு இது சான்றாகாது. கடவுளை அளவுகோலில் நிறுத்த முடியாது என்பதைத் திருச்சபை எப்போதும் சொல்லிவந்திருக்கிறது. ஆனால் ஜெபத்தை மருந்துச் சீட்டைப்போலப் பலன் குறித்துக் கொடுப்பது தவறு என்று இது நமக்கு நினைவூட்டுகிறது. பெயரும் முகமும் அறிந்து ஜெபிக்கிற நண்பர், எழுந்து போய்ச் சோறும் கட்டிக் கொடுக்கிறார். கூரையைப் பிரித்த நால்வரும் செய்தது அதைத்தான்.

விசுவாசி என்றால் பிள்ளை கட்டாயம் பிழைக்கும் என்று அடித்துச் சொல்ல வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. சொல்லக் கூடாது. 26 வாரத்தில் பிறந்த குழந்தையின் நிலை காலைக்கும் மாலைக்கும் மாறும். உறுதி சொல்லிவிட்டு அது பலிக்காமல் போனால், தாய் பிள்ளையோடு தன் கடவுளையும் இழக்கிறாள். உன் விசுவாசம் போதவில்லை என்ற பழியும் அவள் தலையில் விழுகிறது. யோபுவின் நண்பர்கள் அவர் அருகே ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் இறுதியில் கடவுளின் கோபத்துக்கு ஆளானார்கள். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலடியில் இருப்பவரின் இடுப்புக் கயிற்றைத் தோணியில் பிடித்திருந்தவர் அவருக்கு அறிவுரை எதுவும் சொன்னதில்லை. கயிறு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார், அசைந்ததும் இழுத்தார். நண்பரின் வேலை அப்படிப்பட்டது.

மூன்றாவது, காரணம் தேடும் பேச்சு. வயிற்றுப்பிள்ளையோடு ஏன் வேலைக்குப் போனாள், கிரகணத்தில் வெளியே வந்திருப்பாள், யார் செய்த பாவமோ என்ற வார்த்தைகள் ஜெபக் கூட்டத்துக்கு வந்தவர் வாயிலிருந்தே வருவதுண்டு. இரத்த அழுத்தம், தொற்று, இரட்டைப் பிள்ளை, சர்க்கரை, கருப்பை வாயின் பலவீனம் என்று மருத்துவம் அறிந்த காரணங்கள் உண்டு. பல பிரசவங்களில் காரணமே பிடிபடுவதில்லை. பிறவியிலேயே பார்வையற்றவனைப் பார்த்து இது யார் செய்த பாவம், இவனா பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமே இல்லை என்று இயேசு சொன்னதை யோவான் எழுதியிருக்கிறார். கிறிஸ்தவருக்கு அத்தோடு பேச்சு முடிந்தது. ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்ற சொல்லும் இப்படித்தான். ஹிப்போகிராட்டிஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூலிலேயே அந்த நம்பிக்கை இருக்கிறது. பழமை அதை உண்மையாக்கிவிடாது. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. எட்டாம் மாதப் பிள்ளையின் நிலை ஏழாம் மாதப் பிள்ளையைவிட மேல்.

நான்காவது மறுப்பு, இது தாய்வீட்டாரும் மாமியார் வீட்டாரும் பார்க்க வேண்டிய காரியம், வெளியார் தலையிட என்ன இருக்கிறது என்பது. சொந்தக்காரர்களின் இடத்தை யாரும் பிடுங்க வேண்டாம். ஆனால் ஆறு வாரமோ எட்டு வாரமோ நீளும் ஆஸ்பத்திரி வாசத்தில் இரண்டு குடும்பங்களும் களைத்துவிடும். முதல் வாரம் பத்துப் பேர் வருவார்கள். நான்காம் வாரம் யாரும் வரமாட்டார்கள். நண்பர்கள் தேவைப்படுவது அந்த நான்காம் வாரத்தில்தான்.

செய்ய வேண்டியவை

அன்பியமோ, வின்சென்ட் தே பவுல் சபையோ, பெண்கள் ஐக்கிய சங்கமோ, யாராவது ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். அந்த ஒருவர் மட்டும் தாயிடம் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லட்டும். இருபது பேர் தனித்தனியே போன் செய்து, எடை எவ்வளவு, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பது பால் எடுக்கும் நேரத்தைத் தின்றுவிடும். ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்பது நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் என்ன கேட்பதென்று யோசிக்கும் பாரம் அவளிடமே போகிறது. ‘மதினி, செவ்வாயும் வெள்ளியும் மதியச் சோறு நான் கொண்டு வாரேன், டப்பா கழுவ வேண்டாம், அப்படியே கொடுங்க’ என்றால் அவள் தலையாட்டினால் போதும். மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது ஒருவர் பொறுப்பு. வீட்டில் பீய்ச்சிய பாலை ஐஸ் வைத்த பெட்டியில் நேரத்துக்கு மருத்துவமனையில் சேர்ப்பது, பைக் வைத்திருக்கும் இளைஞருக்கு ஏற்ற வேலை. மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர் ஓர் அறையைத் தாய்க்குக் கொடுக்கலாம். அவளை டிஸ்சார்ஜ் செய்த பிறகும் குழந்தை உள்ளேதான் இருக்கும். தகப்பன் கடலிலிருந்தால் படகு உரிமையாளர் வழியாகச் செய்தி அனுப்புங்கள்; அவர் கரையில் நிற்கும் நாட்களுக்குச் சக தொழிலாளிகள் தங்கள் பங்கில் ஒரு பகுதியை ஒதுக்க முடியுமா என்று கேளுங்கள். தகப்பனும் பாட்டியும்கூடக் குழந்தையை மார்பில் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் சொல்லுங்கள். தாய் தூங்கும் நேரம் அப்படிக் கிடைக்கும். அரசு மருத்துவமனையில் ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கு மருந்தும் பரிசோதனையும் போக்குவரத்தும் இலவசம் என்பது மத்திய அரசுத் திட்டம். இது தெரியாமல் நகையை அடகு வைக்கும் குடும்பங்களுக்கு, தெரிந்த நண்பர் விவரம் கேட்டுச் சொல்வது பெரிய உதவி.

செய்யக் கூடாதவையும் உண்டு. சளி, காய்ச்சல் இருந்தால் வாசலோடு நின்றுவிடுங்கள். குழந்தையைத் தொட அனுமதித்தாலும் முத்தம் கொடுக்காதீர்கள். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் தொடுவது, தீர்த்தமோ மந்திரித்த எண்ணெயோ வாயில் வைப்பது எதுவும் வேண்டாம். கன்னத்தில் ஒட்டிய குழாயும் உள்ளங்கை அளவு வயிறும் கொண்ட குழந்தைக்கு ஒரு சொட்டு அசுத்தமே போதும். எண்ணெய் பூச விரும்பினால் தாயின் நெற்றியில் பூசலாம்; வேதம் சொல்லும் எண்ணெய்ப் பூசுதலுக்கு அவளும் உரியவளே. குழந்தையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது பெற்றோர் சம்மதமின்றி நடக்கவே கூடாது.

குழந்தை ஆபத்திலிருந்தால் கத்தோலிக்கப் பெற்றோர் திருமுழுக்கைக் கேட்பார்கள். குருவானவர் வர நேரமில்லை என்றால் யார் வேண்டுமானாலும், கிறிஸ்தவரல்லாத நர்ஸும்கூட, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு, தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். சில சொட்டு சுத்திகரித்த நீர் போதும். நர்ஸைக் கேட்டு எடுங்கள். திருமுழுக்கு பெறாமலே குழந்தை போய்விட்டால், அதைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது திருச்சபை. பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்தால் ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கும் உண்டு. குழந்தைத் திருமுழுக்கு இல்லாத சபைகளில் போதகர் வந்து ஆசீர்வதித்து ஜெபிக்கிறார். எந்தச் சபையாக இருந்தாலும் இழப்பு வந்தால் நண்பர் தவிர்க்க வேண்டிய வாக்கியம் ஒன்று: ‘வயசு இருக்கு, அடுத்த பிள்ளை பிறக்கும்.’ அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அடக்கத்துக்கு நில்லுங்கள். பால் கட்டிக்கொண்ட மார்போடு தாய் தவிக்கும் முதல் வாரத்தில் அவளை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

குழந்தை வீட்டுக்கு வந்ததும் நண்பர்களின் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும்; 28 வாரத்துக்கு முன் பிறந்ததற்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. தவறவிட்டால் பார்வை போகும் ஆபத்து உண்டு. அந்தத் தேதியைப் பொறுப்பாளர் தன் நாட்காட்டியில் குறித்து, கூடவே போகட்டும். சாம்பிராணிப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. தடுப்பூசி பிறந்த தேதிக் கணக்கில். குப்புற விழுவதும் உட்காருவதும், பிறந்திருக்க வேண்டிய தேதிக் கணக்கில். இரண்டு மாதம் முன்னால் வந்த பிள்ளை ஆறாம் மாதத்தில் நான்கு மாதப் பிள்ளை செய்வதைச் செய்தால் சரியாகவே வளர்கிறது, ‘இன்னும் உட்காரலையா?’ என்று கேட்க வேண்டாம். அடுத்த அன்பியக் கூட்டத்தில் மன்றாட்டு முடிந்ததும் ஒரு தாளை எடுத்து, ஏழு கிழமைகளையும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பெயரும் ஒரு வேலையும் நிரம்பும் வரை யாரும் எழுந்து போகாதீர்கள். அந்தத் தாளையும் ஜெபத்தின் பகுதியாகவே வைத்து, குழந்தையின் முதல் பிறந்தநாள் வரை மாதந்தோறும் புதுப்பியுங்கள்.